மனதைப் படித்த பள்ளி மாணவர்கள்!

ஒருவர் மனதில் நினைப்பதை, அவர் வாய் திறக்காமலே இன்னொருவர் சொல்ல முடியுமா?

முடியும் என்று அடித்துச் சொன்னார் சோல் என்பவர். அவர் மந்திரவாதி அல்ல. லண்டன் குயின் மேரி கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். தமக்குச் சாட்சியாக அவர் காட்டியது இரண்டு பள்ளிக்கூடப் பையன்களை!

13 வயதுச் சிறுவர்கள்

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் வடக்கே கேப்பல் கியூரிக் என்ற மலைக் கிராமம் இருக்கிறது. இருவரும் அந்தப் பக்கத்துப் பையன்கள். ஒன்றுவிட்ட சகோதரர்கள். 1955-ம் ஆண்டு சோல் அவர்களைச் சந்தித்தபோது இருவருக்கும் வயது 13.

சோதனை இதுதான்: விலங்குப் படம் போட்ட சீட்டுகள். மொத்தம் 5 வகைப் படங்கள். ஒரு பையன் சீட்டைப் பார்ப்பான். சீட்டு கண்ணில் படாத இடத்தில் மற்றவன் இருப்பான். என்ன படம் என்று அவன் சொல்ல வேண்டும்.

குருட்டாம்போக்கில் சொன்னாலே 25 சீட்டுக்குச் சராசரியாக 5 சரியாக வரும். இந்தப் பையன்களோ அதற்கு மேலே போனார்கள். சில சமயம் ஏறக்குறைய எல்லாமே சரி!

சோல் பூரித்துப் போனார். நன்றாகச் சொன்னால் காசு கொடுத்தார். ஏழைப் பையன்களுக்குக் கையில் பணம் புரண்டது.

இருமலும் செருமலும்

ஒரு நாள் குட்டு வெளிப்பட்டது. இருமல், மூக்கை உறிஞ்சுதல், காலை அசைத்தல் — எல்லாம் ஜாடை! பையன்கள் கையும் களவுமாகப் பிடிபட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அன்றே மூட்டை கட்டியிருப்பார்கள். சோல் மன்னித்தார். கட்டுக்காவலை அதிகமாக்கி, 1957 வரை சோதனையைத் தொடர்ந்தார். 1959-ம் ஆண்டு புத்தகமே வெளியிட்டார்.

அவர் அறியாத பழங்கதை அல்ல இது. 1881-ல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் 5 பெண்கள் இப்படித்தான் அறிஞர்களை வியக்க வைத்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பின், கண்ணால் ஜாடை காட்டிச் சிக்கிக் கொண்டார்கள்.

காதில் விழாத ஊதல்

புத்தகம் வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. ஹான்சல் என்ற மனநூல் அறிஞர் ஒரு கேள்வி போட்டார். "பையன்களிடம் ஊதல் இருந்திருக்கலாமே?" என்பதே அது.

நாயைக் கூப்பிட ஓர் ஊதல் உண்டு. அதன் ஓசை மிகவும் கீச்சென்று இருக்கும். வயது ஏற ஏற மனிதனின் காது அத்தகைய ஓசையைத் தான் முதலில் இழக்கிறது. சிறுவர்களுக்குக் கேட்பது முதியவர்களுக்குக் கேட்காது. சோலுக்கோ வயது ஐம்பத்தைந்துக்கு மேல்! சட்டைக்குள் ரப்பர் பந்தோடு ஊதலை மறைத்து வைத்து அமுக்கினால், பக்கத்தில் இருக்கும் பெரியவருக்குத் தெரியவே தெரியாது.

சோல் இதை மறுத்தார். பையன்களிடமிருந்து ஊதல் எதுவும் கைப்பற்றப்படவும் இல்லை. ஆகவே ஊதல் ஒரு சந்தேகம் மட்டுமே. முன்பு செய்ததை வைத்து எப்போதும் திருட்டுத்தான் என்று அந்தப் பிள்ளைகள் மேல் பழி போடுவதும் சரியல்ல.

ஆனால் சோலின் பெயரும் நிலைக்கவில்லை. அவர் 1975-ல் காலமானார். 1978-ல், அவர் 1940-களில் வேறொருவரை வைத்து நடத்திய சோதனையின் கணக்கேடுகள் ஆராயப்பட்டன. எண்கள் திருத்தப்பட்டது தெரிய வந்தது. பையன்களைச் சோதித்தவரின் ஏட்டிலேயே புரட்டு!

வகுப்பில் மணி

இதில் ஒரு வேடிக்கை. 2005-ல் அதே வேல்ஸில் ஒருவர் ஒரு கருவி செய்தார். கடை வாசலில் வீணாகக் கூடும் இளைஞர்களை விரட்ட, அவர்கள் காதுக்கு மட்டும் கேட்கும் கீச்சொலி எழுப்பும் கருவி அது.

பள்ளி மாணவர்கள் சும்மா இருப்பார்களா? 2006-ல் அதே ஓசையைச் செல்போன் மணியாக வைத்துக் கொண்டார்கள். பாடம் நடக்கும்போது போன் ஒலிக்கும். மாணவர்கள் சிரிப்பை அடக்கிக் கொள்வார்கள். வயதான ஆசிரியர் ஒன்றும் அறியாமல் கரும்பலகையில் எழுதிக் கொண்டிருப்பார்!