இடும்பனை வீழ்த்திய சினம்

தைப்பூசத்தன்று காவடி ஏந்தும் அன்பர்கள் பல நாள் முன்னதாகவே விரதம் தொடங்கிவிடுகின்றனர். புலால் விலக்கி, ஒருவேளை உண்டு, தரையில் படுத்து உடலை அடக்குகின்றனர். 1892-ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் காணும் பத்துமலையில், 272 படிகளையும் காவடியுடன் ஏறும் உறுதியை இவ்விரதமே அளிக்கிறது. எனினும், உணவாசையை வென்ற அளவுக்குச் சினத்தை வென்றோமா என்பதை ஒவ்வோர் அன்பரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காவடியின் வரலாறே இதனை நமக்கு உணர்த்துகிறது. அகத்திய முனிவரின் கட்டளையை ஏற்று, சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளைத் தண்டின் இரு முனைகளிலும் கட்டித் தோளில் சுமந்து தெற்கே வந்தான் இடும்பன். களைப்பாறத் திருவாவினன்குடி அருகே அவற்றை இறக்கி வைத்தான். மீண்டும் தூக்க முயன்றபோது மலை அசையவில்லை. மலைமீது கோவணம் தரித்து, கையில் தண்டுடன் நின்ற சிறுவன், அம்மலை தனக்கே உரியது என்றான். இடும்பன் வெகுண்டு அச்சிறுவன்மீது பாய்ந்தான், உயிரற்று வீழ்ந்தான்.

இரு மலைகளைச் சுமந்த தோள்கள் ஒரு கணச் சினத்தைத் தாங்க இயலாமல் போயின. எதிரே நின்றவன் முருகப்பெருமான் என அறிந்திருந்தால் இடும்பன் கைகூப்பியிருப்பான். சிறுவன்தானே என்று எண்ணியதே சினத்துக்கு வழி திறந்தது.

நம் சினமும் இவ்வாறே ஆள் பார்த்து வருகிறது. முதலாளி கடிந்துரைத்தால் வாய்மூடி நிற்கிறோம். வீடு திரும்பியதும் மனைவி மக்களிடம் சீறுகிறோம். ஆலயத்தில் வரிசை நகரத் தாமதமானால், அர்ச்சனைச் சீட்டு வழங்கும் இளைஞரைக் கடிகிறோம். அன்னதானப் பந்தியில் பரிமாறும் அம்மையாரிடம் குரலை உயர்த்துகிறோம். முதலாளியின் முன் அடங்கும் சினம், எளியவர் முன்னும் அடங்கக்கூடியதே அன்றோ? திருவள்ளுவரும் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே, தம் சினம் பலிக்கும் இடத்தில் அதனைத் தடுப்பவரையே போற்றுகிறார்.

சினம் மூளும்போது மூச்சு விரைகிறது, உடல் சூடேறுகிறது. அவ்வேளையில் வாய் திறவாது, மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டு, ‘சரவணபவ’ என்னும் ஆறெழுத்தை மனத்துள் ஓதலாம். பிறகு எதிரே நிற்பவரை நோக்கினால், அவருடைய களைப்பும் கவலையும் கண்ணில் படும். அதிகாலையில் சிறிது நேரம் அமைதியாக அமர்ந்து நாள்தோறும் பழகியவருக்கே, நெருக்கடியில் இது கைகொடுக்கும்.

இடும்பனின் வரலாறு வீழ்ச்சியோடு முடியவில்லை. அவன் மனைவி இடும்பி மனமுருகி வேண்ட, முருகன் அவனை உயிர்ப்பித்துத் தன் காவலனாக ஏற்றுக்கொண்டான். தன்னைப்போல் காவடி சுமந்து வருவோர்க்கு அருள வேண்டும் என்பதே இடும்பன் கேட்ட வரம். பழனியில் மலையேறும் அன்பர்கள் இன்றும் வழியில் இடும்பனை வணங்கிச் செல்கின்றனர்.

ஆகவே, காவடியைத் தோளில் ஏற்றுமுன், நம் சினத்தால் மனம் நொந்தவரிடம் சென்று இன்சொல் கூறுவோம். அதுவும் விரதத்தின் ஓர் அங்கமே. வேலவன் திருவருள் துணைநிற்பதாக!