கடவுள்களைக் காப்பாற்றிய கிறிஸ்தவர்

கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு மாக்கல் அச்சு இருக்கிறது. டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் கிடைத்த, பத்தாம் நூற்றாண்டுப் பொருள். உருக்கிய உலோகத்தை ஊற்றிக் கழுத்துப் பதக்கம் வார்ப்பதற்கானது. அந்த ஒரே கல்லில் சிலுவைக்கும் குழி வெட்டியிருக்கிறார்கள், இடித் தெய்வமான தோரின் சுத்தியலுக்கும் குழி வெட்டியிருக்கிறார்கள். வருகிறவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் தட்டாருக்குக் கவலையில்லை. காசு வந்தால் சரி.

வாடிக்கையாளரும் அப்படித்தான் இருந்திருப்பார். ஐஸ்லாந்தில் முதலில் குடியேறியவர்களின் கதையைச் சொல்லும் பழைய நூல் ஒன்றில் ஒல்லி ஹெல்கி என்றொருவர் வருகிறார். அவர் கிறிஸ்துவை நம்பியவர். ஆனால் கடலில் இறங்கும்போதும் இக்கட்டான காரியங்களிலும் தோரைத்தான் வேண்டிக்கொள்வார். எங்கே கரையேறலாம் என்று தோரிடம் கேட்டுவிட்டு, குடியேறிய இடத்துக்குக் கிறிஸ்துவின் பெயரை வைத்தார். ஸ்காண்டிநேவிய வடதேசத்துப் பழைய சமயத்தைப் படிக்கப் போகிறவர் முதலில் இந்த ஆளை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. அந்தச் சமயத்துக்கு வேதநூல் இல்லை, நிறுவனர் இல்லை, இன்னதை நம்பு என்று சொல்ல ஒரு மடமும் இல்லை. அவரவர் ஊர், அவரவர் வழக்கம்.

நம் பிள்ளைகளுக்குத் தோரைத் தெரியும். 1962இல் மார்வெல் காமிக்ஸில் நுழைந்து, பிறகு சினிமாவுக்கு வந்த பொன்னிறக் கூந்தல்காரர். பழைய கதைகளில் அவருக்குச் சிவந்த தாடி, பெருந்தீனி, மூக்குக்கு மேல் கோபம். தந்திரக்கார லோகி அங்கே, படங்களில் வருவதுபோல் தலைமைத் தெய்வம் ஓடினின் வளர்ப்பு மகன் இல்லை. ஓடினோடு ரத்தம் கலந்து சகோதர உறவு பூண்டவன். இறந்தவர்களின் உலகை ஆளும் ஹெல், தோரின் அக்கா இல்லை, லோகியின் மகள். அதே லோகி ஒருமுறை பெண்குதிரையாக மாறி, எட்டுக்கால் குதிரை ஒன்றை ஈன்று ஓடினுக்குக் கொடுத்தான். இதையெல்லாம் படம் எடுக்கிறவர்கள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

சரி, இந்தப் பழைய கதைகள் நம் கைக்கு எப்படி வந்தன? அந்த வடதேசத்தாரான வைக்கிங்குகள் ரூனிக் எழுத்துகளைக் கல்லிலும் மரத்திலும் எலும்பிலும் செதுக்கினார்கள். நினைவுக்கல் வைத்தார்கள், பொருளில் பெயர் பொறித்தார்கள். நீண்ட கதைகளை அப்படி எழுதிவைக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. டென்மார்க்கின் விண்டெலேவ் என்ற ஊரில் 2020இல் கிடைத்த தங்கப் பதக்கமொன்று ஓடினின் பெயரைச் சொல்கிறது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஓடினின் பெயர் இருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று இதுவே. ஆனால் பெயருக்கு மேல் அதிலும் கதை இல்லை. கதைக்கு நாம் ஐஸ்லாந்துக்குப் போக வேண்டும்; அதுவும் பழைய சமயம் போய் இருநூறு ஆண்டுகள் கழித்து.

கி.பி. 1000 வாக்கில் ஐஸ்லாந்து நாடாளுமன்றமான ஆல்திங்கில் கிறிஸ்தவரும் பழைய சமயத்தவரும் வாளை உருவும் நிலைக்கு வந்தார்கள். தீர்ப்பைச் சட்டம் ஓதுபவரான தோர்கெய்ரிடம் விட்டார்கள். அவர் பழைய சமயத்தவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தார். எழுந்து வந்து, நாட்டுக்கு ஒரே சட்டம் வேண்டும், எல்லோரும் ஞானஸ்நானம் பெறுங்கள் என்றார். கூடவே சில சலுகைகள்: குதிரைக்கறி உண்ணலாம், யாரும் பார்க்காமல் பழைய தெய்வங்களுக்குப் பலியிடலாம். கொஞ்ச காலத்தில் அந்தச் சலுகைகளும் போய்விட்டன.

அந்த நாட்டில் 1179இல் பிறந்தவர் ஸ்நோரி ஸ்டுர்லுசன். பெரும் பணக்காரர், நிலக்கிழார், வழக்குகளில் எதிராளியை மண்ணைக் கவ்வ வைப்பதில் கெட்டிக்காரர். இரண்டு முறை ஆல்திங்கின் சட்டம் ஓதுபவராக இருந்தார். நார்வே அரசவைக்குப் போய்ப் பட்டமும் பரிசும் வாங்கி வந்தார். அவர் கிறிஸ்தவர், அவர் தாத்தாவும் கிறிஸ்தவர். இப்படிப்பட்ட மனிதருக்குத் தோர் மேலும் ஓடின் மேலும் என்ன அக்கறை?

அவருடைய அக்கறை கவிதை மேல். வடதேசத்துச் சபைக் கவிஞர்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். தங்கம் என்று சொல்லாமல் ‘சிஃபின் கூந்தல்’ என்பார்கள். தோரின் மனைவி சிஃபின் கூந்தலை லோகி குறும்புக்கு வெட்டியெறிந்ததும், தோரின் அடிக்குப் பயந்து குள்ளர்களிடம் தங்கத்தில் கூந்தல் செய்து வாங்கி வந்ததும் தெரியாதவனுக்கு அந்தக் கவிதை விளங்காது. இளைய தலைமுறைக்குக் கதை மறந்துபோனால் கவிதைக் கலையே செத்துவிடும். 1220 வாக்கில் ஸ்நோரி எழுதிய ‘எட்டா’, புராணநூலாக அல்ல, கவிஞர்களுக்கான கைநூலாகத்தான் எழுதப்பட்டது. தெய்வக் கதைகளையும் யாப்பு வகைகளையும் அவர் விளக்கி, பழைய பாடல்களை மேற்கோள் காட்டிக்கொண்டே போனார். நம் இலக்கண உரையாசிரியர்கள் காட்டிய மேற்கோள்களில் மறைந்த நூல்களின் செய்யுள்கள் தங்கியது போல, ஸ்நோரியின் மேற்கோளில் மட்டுமே உயிரோடிருக்கும் பாடல்கள் பல.

திருச்சபைக்குப் பதில் சொல்லவும் ஓர் ஏற்பாடு வேண்டுமே. முன்னுரையிலேயே, இவர்கள் கடவுள்கள் இல்லை, ட்ராய் நகரத்திலிருந்து வடக்கே வந்த கெட்டிக்கார மனிதர்கள், மக்கள்தான் ஏமாந்து கும்பிட்டார்கள் என்று எழுதிவிட்டார். அந்த வேலியைப் போட்டுக்கொண்டு, உள்ளே கதைகளை ஆசைதீரச் சொன்னார்.

இதனால்தான் அறிஞர்களுக்கு ஸ்நோரியிடம் எப்போதும் ஒரு சந்தேகம். எது பழைய நம்பிக்கை, எது இவர் கைச்சரக்கு? எல்லாவற்றுக்கும் விடை கிடைக்காது. ஓர் இடத்தில் கிடைத்திருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

உலகைச் சுற்றி வளைத்துக் கிடக்கும் கடல்பாம்பைப் பிடிக்கத் தோர் படகில் போகிறார். உடன் வந்தவன் ஹிமிர் என்ற அரக்கன். காளையின் தலையைத் திருகித் தூண்டிலில் மாட்டுகிறார். பாம்பு கவ்வி இழுக்கிறது. தோர் காலை ஊன்றி எதிர் இழுப்பு இழுத்த வேகத்தில், பாதம் படகின் அடிப்பலகையைப் பிய்த்துக்கொண்டு இறங்கிக் கடல் தரையில் ஊன்றியது என்கிறார் ஸ்நோரி. பயந்துபோன ஹிமிர் தூண்டில் கயிற்றை அறுத்துவிட, பாம்பு தப்பிவிடுகிறது. இதே மீன்பிடிப்பைப் பாடும் பழைய பாட்டில் பாதம் பற்றிப் பேச்சே இல்லை. ஸ்நோரி சுவைக்காகச் சேர்த்தார் என்று தள்ளிவிடலாம். ஆனால் ஸ்வீடனின் உப்லாண்ட் பகுதியில், ஆல்ட்டுனா தேவாலயத்தருகே ஒரு ரூனிக் கல் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டுக் கல். ஸ்நோரி எழுதுவதற்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது. அதில் படகு, ஓங்கிய சுத்தியலோடு தோர், கயிறு, கீழே சுருண்ட பாம்பு. படகின் அடியைப் பாருங்கள்: ஒரு பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர் கேட்ட கதையும் ஸ்வீடன் கல்தச்சர் கேட்ட கதையும் ஒன்றே.

ஸ்நோரிக்கு நல்ல சாவு வாய்க்கவில்லை. நார்வே மன்னர் ஹாகோனின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார். 1241 செப்டம்பரில் முன்னாள் மருமகன் கிஸ்ஸுர் ஆட்களோடு வந்து, ரெய்க்ஹோல்ட்டில் இருந்த வீட்டின் நிலவறையில் வைத்து அவரைக் கொன்றான். அவர் குளித்த வெந்நீர்க் குளம் இன்றும் அங்கே ஆவி பறக்கக் கிடக்கிறது.

அவர் எடுத்தாண்ட பாடல்களில் சிலவற்றையும் வேறு பலவற்றையும் கொண்ட இன்னொரு சுவடி 1270 வாக்கில் எழுதப்பட்டது; அதிலுள்ளவற்றை எட்டாப் பாடல்கள் என்பார்கள். சாதாரண நோட்டுப் புத்தக அளவு. 45 தோல் ஏடுகள் மிச்சம், 8 ஏடுகள் தொலைந்துவிட்டன. 1643இல் ஆயர் பிரின்யோல்ஃபுர் கைக்கு வரும்வரை அது யாரிடம் இருந்தது என்பதற்கே தடயமில்லை. ஐஸ்லாந்தின் வறுமைக் காலத்தில் இப்படிப்பட்ட ஏடுகளுக்கு நேர்ந்த கதி கொஞ்சநஞ்சமல்ல. சட்டை தைக்க அளவுத்தோலாக வெட்டப்பட்ட ஏடு கிடைத்திருக்கிறது. ஆயரின் தலையணிக்குள் விறைப்புக்காக வைத்துத் தைத்த ஏடும் கிடைத்திருக்கிறது. ஆயர் இந்தச் சுவடியை 1662இல், அப்போது ஐஸ்லாந்தையும் ஆண்ட டென்மார்க் மன்னருக்கு அனுப்பி வைத்தார்.

இங்கே நமக்கும் ஒரு சின்ன ஒட்டு உண்டு. அதே டென்மார்க் அரசுக்கு அப்போது தரங்கம்பாடியில் கோட்டை இருந்தது. 1620களில் அங்கே பீரங்கி வீரராக இருந்தவர் யோன் ஓலாஃப்ஸன் என்ற ஐஸ்லாந்துக்காரர். வெடிவிபத்தில் காயம்பட்டு ஊர் திரும்பி, 1661இல் தன் பயணங்களை ஐஸ்லாந்து மொழியில் எழுதினார். சோழமண்டலக் கரையைப் பற்றி ஸ்நோரியின் மொழியில் எழுதிய புத்தகம் அது.

பின்னாளில் தனி நாடான ஐஸ்லாந்து, டென்மார்க்குக்குப் போன சுவடிகளைத் திரும்பக் கேட்டது; டென்மார்க்கில் நீண்ட வழக்கும் வாதமும் நடந்தன. 1971 ஏப்ரல் 21 அன்று டென்மார்க் போர்க்கப்பல் ஒன்று ரேக்யாவிக் துறைமுகத்தில் எட்டாப் பாடல் சுவடியோடு வந்து நின்றது. பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் விடுமுறை. துறைமுகத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம்.

அந்தச் சுவடியில் இருப்பதில் எனக்குப் பிடித்தது திரிம் பாட்டு. தோர் விழித்தெழுந்தால் சுத்தியலைக் காணோம். திரிம் என்ற அரக்கன் திருடிப் பூமிக்கடியில் ஒளித்துவிட்டான். அழகுத் தெய்வம் ஃப்ரேயாவைக் கட்டிவைத்தால் தருவானாம். ஃப்ரேயா விட்ட மூச்சில் கழுத்து ஆரமே அறுந்து விழுகிறது. கடைசியில் தோருக்கே மணப்பெண் வேடம் போட்டு முக்காடிட்டு அனுப்புகிறார்கள், லோகி தோழிப்பெண். விருந்தில் மணப்பெண் ஒரு முழுக் காளையையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்று, மூன்று பீப்பாய் தேன்மதுவையும் குடித்துத் தீர்க்கிறாள். மாப்பிள்ளை மிரள்கிறான். உங்கள்மேல் உள்ள ஆசையில் எட்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று சமாளிக்கிறாள் தோழி. திருமண ஆசிக்காகச் சுத்தியலைக் கொண்டுவந்து பெண்ணின் மடியில் வைத்ததும் கல்யாண வீடு இழவு வீடாகிறது. இது பழைய பக்தர்களின் பாட்டா, பிற்காலத்துக் கிறிஸ்தவரின் கேலியா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். சாமியைக் கிண்டல் செய்யப் பக்தனுக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள்தான் இதைக் கேலி என்பார்கள். என் கணக்கில் இது பக்தர் பாட்டே.

இந்தத் தெய்வங்களுக்குச் சாவும் உண்டு. ரக்னராக் என்ற இறுதிப்போரில் ஓடினை ஓநாய் விழுங்கும். தோர் அந்தக் கடல்பாம்பைக் கொல்வார். அதன் நஞ்சேறி ஒன்பது அடி நடந்து விழுவார். ஓடினுக்கு இது முன்பே தெரியும். தெரிந்தும் ஆயத்தம் செய்துகொண்டே இருக்கிறார்.

இவர்களைக் கும்பிட்ட மனிதர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கொம்பு வைத்த தலைக்கவசத்தை வைக்கிங் எவரும் போருக்குப் போட்டதாகச் சான்றில்லை. அதைப் பரப்பியது 1876இல் பைராய்ட்டில் நடந்த வாக்னர் இசைநாடகத்தின் உடையலங்காரம். எலும்புச் சீப்புகள் அவர்கள் கல்லறைகளில் ஏராளம். தினமும் தலைசீவி, சனிக்கிழமை தவறாமல் குளித்து எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பின்னாளில் ஓர் ஆங்கிலேயத் துறவி பொருமியிருக்கிறார். வணிகக் கை நீளமானது. கோட்லாண்ட் தீவில் 1999இல் ஒரு வயலிலிருந்து 67 கிலோ வெள்ளி எடுத்தார்கள். அதில் 14,000க்கு மேற்பட்ட நாணயங்கள், பெரும்பாலும் இஸ்லாமிய நாடுகளுடையவை. அந்த வெள்ளிக்கு மாற்றாகப் போன சரக்கில் தோலும் ரோமமும் மட்டுமல்ல, மனிதர்களும் இருந்தார்கள். மடங்களைக் கொளுத்தியதும், அயர்லாந்திலிருந்து பெண்களைப் பிடித்து அடிமைகளாக விற்றதும் நடந்தவை. வீரம், சாகசம் என்று உருகுகிற புத்தகங்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹிட்லரின் எஸ்எஸ் படை ரூனிக் எழுத்தைத் தன் சின்னமாக்கியது. இன்றும் வெள்ளை இனவெறிக் குழுக்கள் சில இந்தத் தெய்வங்களைத் தம் சொத்தாகப் பேசுகின்றன. ஐஸ்லாந்தில் 1972இல் தொடங்கி மறு ஆண்டே அரசு அங்கீகாரம் பெற்ற பழைய சமயச் சங்கத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

படிக்க நினைப்பவர்கள் இணையத்து ‘வைக்கிங் ரகசியங்கள்’ காணொளிகளில் தொடங்க வேண்டாம். முதலில் ஸ்நோரி. ஆன்டனி ஃபோல்க்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பை லண்டனின் ‘வைக்கிங் சொசைட்டி ஃபார் நார்தர்ன் ரிசர்ச்’ தன் தளத்தில் இலவசமாகவே தருகிறது. அதன்பின் கரோலின் லாரிங்டன் மொழிபெயர்த்த எட்டாப் பாடல்கள். ஸ்நோரியின் ட்ராய் முன்னுரை அலுப்பூட்டினால் தாண்டிவிட்டு, ஸ்வீடன் மன்னன் கில்ஃபி மாறுவேடத்தில் கேள்வி கேட்க வரும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.