பெருவிலங்கு வேட்டைத் துப்பாக்கி: தேர்வும் பொறுப்பும்

முன்னுரை

வேட்டை இலக்கியத்தை வாசிக்கும்போதும் மாணவர்க்குக் கற்பிக்கும்போதும் நாம் பெரும்பாலும் கவனியாது கடந்துவிடுவது, துப்பாக்கியின் பெயரோடு சேர்ந்து வரும் எண்ணாகும். .450, .470, .275 போன்ற எண்கள் கதையோட்டத்திற்கு வேண்டாத நுணுக்கங்களாகத் தோன்றக்கூடும். ஆயினும், வேட்டைக்காரர் ஒருவர் எத்துப்பாக்கியை வாங்கினார் என்பதனுள் அவர் எதிர்கொண்ட விலங்கு, அவர் காலத்துச் சட்டம், அவர்தம் பொருள்வளம் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. இம்மூன்றையும் காலனித்துவ இந்தியாவை நிலைக்களனாகக் கொண்டு விளக்குவதும், அத்தேர்வின் விளைவுகளை யார் சுமந்தனர் என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணும் ஆற்றலும்

ஆங்கிலேய மரபில் இவ்வெண் குழலின் உள்விட்டத்தை அங்குலத்தின் பின்னமாகக் குறிக்கும். .450 என்பது ஏறத்தாழ 11.4 மில்லிமீட்டர்; .275 என்பது 7 மில்லிமீட்டர். எனினும் பெயரில் உள்ள எண் எப்போதும் துல்லிய அளவாக அமைவதில்லை. .275 ரிக்பி எனப்படும் ரைபிளில் செல்லும் குண்டின் விட்டம் .284 அங்குலமாகும்.

கரிமருந்துக் காலத்தில் யானையை வீழ்த்த மிகப் பெரிய குண்டே வேண்டியிருந்தது. 'நான்கு போர்' எனப்பட்ட துப்பாக்கியின் உருண்டைக் குண்டு கால் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிராம் எடை கொண்டது. புகையற்ற கார்டைட் மருந்து வந்தபின் நிலைமை மாறியது. குண்டின் எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்ட இயன்றது. 1898ஆம் ஆண்டு இலண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இம்மாற்றத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதன்பின் வந்த .470 வகையின் குண்டு ஏறத்தாழ 32 கிராம் எடையுடன் நொடிக்கு 655 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 6,900 ஜூல். .275 ரிக்பியின் ஆற்றல் இதில் பாதியளவே.

இத்தோட்டாக்களின் உறை நீளமாக அமைந்ததற்கும் காரணம் உண்டு. வெப்ப நாடுகளில் கார்டைட்டின் அழுத்தம் மிகும். அழுத்தம் மிகுந்தால் சுட்ட உறை அறைக்குள் இறுகிக்கொள்ளும். உறையில் இடம் அதிகமிருப்பின் அழுத்தம் தாழ்ந்திருக்கும். உறையும் எளிதில் வெளிவரும். பாயும் விலங்கின் முன் நிற்பவருக்கு இது உயிர்காக்கும் செய்தியாகும்.

சட்டமும் சந்தையும்

20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் தோட்டாக்களுக்கு ஆங்கிலேய அரசு தடை விதித்தது. பழைய மார்ட்டினி ஹென்றி படைத்துப்பாக்கியும் அதே அளவினது. வேட்டைத் தோட்டாக்களின் குண்டுகள் கிளர்ச்சியாளர் கைக்குப் போகலாம் என்று அரசு அஞ்சியது. தடைக்கு உட்படாத .465, .470, .475, .476 எனப் பல புதிய அளவுகளை இலண்டன் நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இவ்வளவுகளின் பெருக்கத்தை யானையின் மண்டையோட்டைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது; ஆட்சியாளரின் அச்சத்தையும் சேர்த்தே விளக்கவேண்டும்.

வாங்குவோரின் பொருள்வளமும் தேர்வை வரையறுத்தது. இரட்டைக்குழல் ரைபிளில் இரு குழல்களின் குண்டும் ஒரே இடத்தில் படுமாறு கைவினைஞர் பலமுறை சுட்டுச் சரிசெய்ய வேண்டும். ஆகவே விலை மிகுதி. தோட்டா அறையுடன் கூடிய ஒற்றைக்குழல் ரைபிள் ஒப்பீட்டளவில் மலிவானது. சேலம், தர்மபுரி வட்டாரக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் பயன்படுத்திய .405 வின்செஸ்டர் இவ்வகையைச் சார்ந்தது.

காயமும் பொறுப்பும்

பெரிய துளையே சிறந்தது என்ற கருத்துக்கு மறுப்பும் உண்டு. ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட டபிள்யூ. டி. எம். பெல், அவற்றுள் பெரும்பகுதியை .275 ரைபிளால் வீழ்த்தினார். யானையின் மூளை அமைந்த இடத்தை அவர் துல்லியமாக அறிந்திருந்ததே அதற்குக் காரணம். அத்திறன் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. குறி சற்றுத் தவறினும் விலங்கை நிறுத்துவதே பெருந்துப்பாக்கியின் பயன். காயத்துடன் தப்பும் விலங்கு அடுத்துவருவோர்க்கு ஆபத்தாகும்.

ஜிம் கார்பெட் 1944ஆம் ஆண்டு வெளியிட்ட குமாயூன் ஆட்கொல்லிகள் பற்றிய நூலின் சம்பாவத் அத்தியாயம் இதற்குத் தக்க சான்று. 1907ஆம் ஆண்டு சுடப்பட்ட அப்பெண்புலி 436 பேரைக் கொன்றது என்பது கார்பெட் தரும் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயமே அதற்குக் காரணமென்றும், இயல்பான இரையைக் கொல்ல இயலாமற்போனதால் அது ஆட்கொல்லியானது என்றும் அவர் விளக்குகிறார். ஒரு குறைபட்ட வேட்டின் விலையை வேட்டுக்குத் தொடர்பில்லாத சிற்றூர் மக்கள் கொடுத்தனர்.

அம்மக்களின் கையில் இருந்தவை யாவை? 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. அதன்கீழ் அமைந்த விதிகள் ஐரோப்பியர்க்கு விலக்களித்தன. புலியை வளைக்க 298 பேர் திரண்ட நாளில், உரிமமற்ற ஆயுதங்களைத் தாம் கண்டுகொள்ளப் போவதில்லை என்று தாசில்தார் அறிவித்தார். அன்று வெளிவந்தவை ஓர் அருங்காட்சியகத்தை நிரப்பத்தக்கனவாய் இருந்தன என்கிறார் கார்பெட். அவர் கையிலோ .500 ரைபிள் இருந்தது. ஆயினும் மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்தபின் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். தலைக்கு வைத்த குறி தவறி, குண்டு வலப் பாதத்தில் பட்டது. முன்பட்ட காயங்களால் புலி அப்போது உயிர்விடும் தறுவாயில் இருந்தமையால் அவர் பிழைத்தார். நல்ல துப்பாக்கிக்கும் நாட்டுமக்களுக்குக் கிடைத்த துப்பாக்கிக்கும் இடையிலான தொலைவை இக்காட்சி ஒன்றே உணர்த்திவிடுகிறது.

முடிவுரை

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் இந்தியாவில் இத்தகைய வேட்டை வழக்கொழிந்தது. வேட்டை அனுமதிக்கப்படும் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில், ஆபத்தான பெருவிலங்குகளுக்கு .375 அல்லது அதற்கு அண்மையான அளவு குறைந்தபட்சமாக இன்றும் சட்டப்படி வேண்டப்படுகிறது. காயப்படுத்தித் தப்பவிடலாகாது என்ற கொள்கையே அதன் அடிப்படை. ஆகவே, வேட்டைக் கதைகளை வகுப்பில் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் வேட்டைக்காரரின் வீரத்தோடு நின்றுவிடாமல், இத்துப்பாக்கியை வாங்கும் உரிமை யாருக்கு இருந்தது, குறி தவறியபோது இழப்பு யாருக்கு நேர்ந்தது என்னும் வினாக்களையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யின், பாடத்தில் இடம்பெறும் அச்சிறு எண்ணும் பொருளுடையதாகும்.