நாள் முழுதும் நின்றாலும் நடை வேண்டும்!
எல்லைப் பகுதி ஆசிரியர்கள் கவனத்துக்கு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவிலும், இடுக்கி மாவட்டம் தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் இவை. அங்குள்ள ஆசிரியர்களிடம் பேசினால் அடிக்கடி காதில் விழும் சொல், "அலுத்துப் போச்சு சார்" என்பதுதான்.

இது சோம்பல் அல்ல. பணிச்சோர்வு என்று இதற்குப் பெயர். உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டு இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் இதை நோய் என்று சொல்லவில்லை. வேலையால் வரும் நிலை என்றே சொன்னது. உடல் ஓய்ந்து போவது, வேலையில் வெறுப்பு, "நம்மால் ஆகாது" என்ற எண்ணம் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள்.

நிற்பது நடை ஆகாது

"நாள் முழுதும் நிற்கிறோமே, அது போதாதா?" என்று கேட்கலாம். போதாது. நடக்கும்போதுதான் கெண்டைக்கால் தசை சுருங்கி, ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சும்மா நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். கால் வீக்கமும் நரம்பு சுருட்டலும் வர இது ஒரு காரணம்.

லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்த டாக்டர் மோரிஸ், 1953-ல் ஓர் உண்மையை வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப் பஸ்சில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு!

எவ்வளவு நடப்பது?

வாரத்துக்கு 150 நிமிடம். அதாவது தினம் அரை மணி, ஐந்து நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். வாரம் இரு நாள் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும். கையூன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே நல்ல தொடக்கம். பாலக்காட்டு வெயிலில் விடியற்காலையே நல்லது. மூணாறு பக்கம் முழங்கால் வலி உள்ளவர்கள், இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

2013 ஏப்ரலுக்கு முன் சேர்ந்த கேரள அரசுப் பள்ளி ஆசிரியருக்கு 56 வயதில் ஓய்வு. அதன் பிறகும் நெடுங்காலம் இருக்கிறது. பென்ஷன் வரும், கால் வலு தானாக வராது.

நடை மட்டும் போதுமா?

2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடிக்கு, ஆசிரியர்கள் காட்டு வழியே பல மணி நேரம் நடந்து போன காலம் உண்டு. நடந்தால் மட்டும் சோர்வு தீரும் என்றால், அவர்களுக்குச் சோர்வே வந்திருக்கக் கூடாது! கட்டாயத்துக்கு நடப்பது வேறு, மனம் விரும்பி நடப்பது வேறு.

நடை உடம்பைக் காக்கும். மனதையும் ஓரளவு தேற்றும். வேலைப் பளுவைக் குறைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. பெற்றோர் சங்கக் கூட்டங்களில் நாமும் இதைக் கேட்கலாம். ஓய்ந்து போன வாத்தியாரிடம் படிப்பது நம் பிள்ளைகள்தானே!