வீட்டுக்கு வந்த கணினி – 7: நான்கு சிப், ஒரு கிலோபைட்

1981 மார்ச்சில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சின்கிளேர் இசட்எக்ஸ்81 கணினியை, உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துக்கொண்டால் 49.95 பவுண்டு, முழுதாக வாங்கினால் 69.95. அதே ஆண்டில் அங்கே வந்த கமடோர் விக்-20க்கு ஏறத்தாழ 200 பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது.

விலை இவ்வளவு இறங்க முதல் காரணம் சிப்களின் எண்ணிக்கை. இதற்கு முன் வந்த இசட்எக்ஸ்80இல் 21 சிப்கள். ஃபெராண்டி நிறுவனம் செய்துகொடுத்த ஒரே சிப் அவற்றில் 18இன் வேலையை ஏற்றுக்கொண்டது. மிச்சம் செயலி, 8 கிலோபைட் ரோம், 1 கிலோபைட் ராம், ஆக நான்கே. திரைக்கு வீட்டு டி.வி., சேமிப்புக்கு கேசட் ரெக்கார்டர். இரண்டும் வாங்குபவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் என்பது கணக்கு.

டி.வி.க்குப் படம் அனுப்பும் பொறுப்பின் பெரும்பகுதியும் செயலியின் தலையில்தான் விழுந்தது. அதனால் இரண்டு வேகங்கள். 'ஸ்லோ'வில் திரை நிலையாகத் தெரியும். ஆனால் படத்தின் மேலும் கீழும் உள்ள வெற்று ஓரங்களை டி.வி. வரையும் நேரத்தில் மட்டுமே புரோகிராம் ஓடும். 'ஃபாஸ்ட்'டில் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகம். கணக்கு முடியும்வரை திரையில் ஒன்றும் இராது. அந்த விலைக்கு இது நியாயமான பேரம். விசைப்பலகை அப்படியல்ல: அமுக்கியது விரலுக்கே தெரியாத தட்டையான பிளாஸ்டிக் தாள். ஆனால் ஒரு விசைக்கு ஒரு முழுக் கட்டளைச் சொல் என்று வைத்ததால் தட்டச்சு வேலை குறைந்தது. அந்தச் சொல் நினைவகத்தில் ஒரே பைட்டாக அடங்கியது.

உண்மையான நெருக்கடி அந்த 1 கிலோபைட்டில்தான். 1,024 பைட்டில் 125ஐக் கணினியே தன் கணக்கு வழக்குக்கு எடுத்துக்கொள்ளும். வெற்றுத் திரைக்கு 25 பைட் போதும். எழுத்து நிரம்ப நிரம்ப அது 793 வரை வீங்கும். முழுத் திரையையும் நிரப்பினால் புரோகிராமுக்கு நூறு பைட்கூடத் தேறாது. புரோகிராமில் 1 என்ற ஒற்றை இலக்கத்தை எழுதினாலே ஏழு பைட் போகும்: இலக்கத்துக்கு ஒன்று, அடையாளத்துக்கு ஒன்று, கணக்குக்கான வடிவத்துக்கு ஐந்து. அதனால் கைதேர்ந்தவர்கள் 1 என்று எழுதவே மாட்டார்கள். 'எஸ்ஜிஎன் பை' என்பார்கள். எஸ்ஜிஎன் ஓர் எண்ணின் குறியைச் சொல்லும் கட்டளை. பையின் மதிப்பு நேர் எண் என்பதால் விடை 1; செலவு இரண்டே பைட். பூஜ்ஜியத்துக்கு 'நாட் பை', மூன்றுக்கு 'இன்ட் பை'. இதுபோன்ற கஞ்சத்தனத்தில்தான் டேவிட் ஹார்ன் 1 கிலோபைட்டுக்குள் ஒரு சதுரங்க ஆட்டத்தையே அடக்கினார்.

மற்றவர்களுக்கு 16 கிலோபைட் ராம் பேக்தான் வழி. தொடக்கத்தில் அதன் விலை 49.95 பவுண்டு, அதாவது உதிரிப் பாகக் கணினியின் விலையேதான். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்த விலை பாதி விலைதான் என்று சொல்லலாம். பேக் பெட்டியின் பின்பக்கம் செருகியபடி தொங்கும். கொஞ்சம் அசைந்தாலும் கணினி நின்று, தட்டியதெல்லாம் போய்விடும். கேசட்டில் ஏற்றிவைக்கலாம் என்றால், நிறைந்த 16 கிலோபைட்டுக்கு ஆறேழு நிமிடம் ஆகும். ஆகவே பலர் பேக்கைப் பசையால் ஒட்டிவைத்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு 15 லட்சத்துக்கு மேல் விற்றது. 1982இல் டைமெக்ஸ் சின்கிளேர் 1000 என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனபோது அதன் ராம் 2 கிலோபைட் ஆனது. அதே ஆண்டு வந்த சின்கிளேரின் அடுத்த கணினி ஸ்பெக்ட்ரம் 16 கிலோபைட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்தது, படம் அனுப்பும் வேலையைச் செயலியிடமிருந்து எடுத்தது, வண்ணமும் சேர்த்தது. விலை 125 பவுண்டு. விசைகள் மட்டும் பிளாஸ்டிக் தாளிலிருந்து ரப்பருக்குத்தான் முன்னேறின.