கூடுதலாக ஏறிய சம்பளம் யாருடையது?

ஓசூரைத் தாண்டி வடக்கே போனால் கர்நாடகம் தொடங்கும் இடம் அத்திபெலே. பொழுது விடியும் முன்பே கம்பெனி பஸ்ஸுக்காக ஆட்கள் நிற்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரித் தமிழும் ஆனேக்கல் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் கலந்து கேட்கும். மாதத்தின் முதல் வாரத்தில் எல்லோர் கண்ணும் போனில்தான். சம்பளம் ஏறிவிட்டதா, ஓ.டி. சேர்ந்திருக்கிறதா? குறைந்திருந்தால் என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூப்பர்வைசரைப் பிடிக்க வேண்டும், ஹெச்.ஆரைப் பார்க்க வேண்டும், ஏஜென்சிக்காரருக்குப் போன் போட வேண்டும். கூடிவிட்டால்?

18,000 ரூபாய் வர வேண்டிய ஒருவருக்கு 54,000 ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓ.டி. நேரம் தவறாகப் பதிவாகியிருக்கலாம். வங்கிக்கு அனுப்பிய சம்பளப் பட்டியல் மூன்று முறை போயிருக்கலாம். வேலையை விட்டுப் போனவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க மறந்து, அடுத்த மாதமும் அவருக்குச் சம்பளம் போவதும் உண்டு. இப்படி வந்த பணத்துக்கு டீக்கடையில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள்: மூன்று மாதம் யாரும் கேட்காவிட்டால் அது நம்முடையது; தப்பு கம்பெனியுடையது, நமக்கென்ன வந்தது?

எழுதப்பட்ட சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 72ஆவது பிரிவு ஒன்றரை வரிதான் இருக்கும். தவறுதலாகவோ வற்புறுத்தலாலோ ஒருவருக்குப் பணம் கொடுக்கப்பட்டால் அவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் சாரம். தவறு யாருடைய அலட்சியத்தால் நடந்தது என்ற கேள்வியே அதில் இல்லை. பணத்தை அனுப்பியவர் கோட்டை விட்டவராகவே இருந்தாலும் பணம் அவருடையதுதான். மூன்று மாதக் கணக்கும் நிற்காது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு இருக்கிறது. அதுவும் தவறு கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து, அல்லது சற்று முயன்றிருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்துதான் எண்ணப்படும்.

இது உரிமையியல் பக்கம். குற்றவியல் பக்கத்தில் கேள்வியே வேறு: அவருக்கு எப்போது தெரிந்தது? பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 403, பிறர் சொத்தை நேர்மையற்று எடுத்துக்கொள்வதைப் பற்றியது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, கூடவே அபராதம். தன்னுடையது என்று நம்பி ஒரு பொருளை எடுத்தவர் குற்றவாளி ஆவதில்லை. தவறு தெரிந்த பிறகும் அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டால் ஆகிறார். 54,000 ஏறியதைக் கவனிக்காமல் வீட்டு வாடகையும் சீட்டுப் பணமும் கட்டிவிட்டவர் ஒரு ரகம். கவனித்துவிட்டு, சொல்லாமல், மறுநாளே ஏ.டி.எம்.மில் எடுத்தவர் இன்னொரு ரகம். வங்கிக் கணக்கின் அறிக்கையைப் பார்த்தாலே இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

‘தெரியுமா, தெரியாதா’ என்ற இதே கேள்வியில் 50 கோடி டாலர் இரண்டு ஆண்டு தொங்கிய கதை ஒன்று உண்டு. அதன் ஒரு முனை அத்திபெலேக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அத்திபெலேயிலிருந்து சர்ஜாப்பூர் போய், அங்கிருந்து பெங்களூருவை நோக்கித் திரும்பினால் தொட்டகன்னெல்லியில் விப்ரோவின் தலைமையகம் வரும். அமெரிக்காவின் சிட்டி வங்கிக்காக இந்தியாவிலிருந்து வேலை பார்த்த விப்ரோ ஊழியர்கள் 2020 ஆகஸ்ட் 11 அன்று ஒரு பணப் பட்டுவாடாவைப் பதிவு செய்தார்கள். அழகுசாதன நிறுவனமான ரெவ்லான் வாங்கியிருந்த கடனுக்கு ஏறக்குறைய 78 லட்சம் டாலர் வட்டியைக் கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த மென்பொருளில் வட்டியை மட்டும் தனியே அனுப்ப நேர்வழி கிடையாது. கடன் முழுவதையும் அடைப்பதுபோலப் பதிந்து, அசலை மட்டும் வங்கியின் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்குத் திரையில் மூன்று பெட்டிகளை நிரப்ப வேண்டும், ஒன்றைத்தான் நிரப்பினார்கள். ஒருவர் பதிந்தார், ஒருவர் சரிபார்த்தார், அமெரிக்காவில் இருந்த மூன்றாமவர் ஒப்புதல் தந்தார். ஆறு கண்கள் பார்த்தும் ஏறக்குறைய 90 கோடி டாலர் வங்கியின் சொந்தப் பணத்திலிருந்து வெளியே போயிற்று. ஃபிளெக்ஸ்கியூப் என்ற அந்த மென்பொருளும் வெளியூர்ச் சரக்கல்ல. சிட்டி குழுமம் இந்தியாவில் தொடங்கிய மென்பொருள் நிறுவனம் பெங்களூருவில் உருவாக்கி, பிறகு ஆரக்கிள் கைக்குப் போனது அது.

மறுநாள் விழித்துக்கொண்ட வங்கி எல்லோருக்கும் கடிதம் எழுதியது. சிலர் திருப்பினார்கள். பத்து முதலீட்டு நிர்வாக நிறுவனங்கள் 50 கோடி டாலருக்கும் மேல் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு வர வேண்டிய கடன்தானே வந்திருக்கிறது என்றன. ரெவ்லான் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனி. கொடுத்த கடன் திரும்புமா என்பதே சந்தேகம். வந்த தொகையோ அசலும் வட்டியுமாகக் கடைசி செண்ட் வரை பொருந்தியது. சிட்டி போன்ற வங்கி இப்படி ஒரு தவறைச் செய்யும் என்று யார் நினைப்பார்கள் என்று கேட்டார்கள். நியூயார்க் நீதிபதி ஜெஸ்ஸி ஃபர்மனும் 2021 பிப்ரவரியில் அதை ஏற்றார். பணம் கிடைத்த நேரத்தில் தவறு என்று தெரியாதவர், தமக்கு வர வேண்டிய கடனாகவும் அது இருந்தால், வைத்துக்கொள்ளலாம் என்பது அந்த மாநிலத்தின் பழைய விதி. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்தக் கடனுக்கு 2023 வரை தவணை இருந்தது. தள்ளாடும் கம்பெனி முன்கூட்டியே, முன்னறிவிப்பும் இல்லாமல் முழுக் கடனையும் அடைத்தால் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று கேட்டது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதே தெரிந்ததற்குச் சமம் ஆகிவிட்டது.

18,000 ரூபாய்க்காரருக்கும் அதே கேள்வி பொருந்தும். 400 ரூபாய் கூடுதலாக வந்தால் ஓ.டி. கணக்கு என்று நினைத்திருக்கலாம். மூன்று மடங்கு வந்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

2023 செப்டம்பரில் சென்னையில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் போனில், தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கிக் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வரவு என்று குறுஞ்செய்தி வந்தது. அதுவரை அந்தக் கணக்கில் இருந்தது 105 ரூபாய். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று எண்ணி, உண்மைதானா என்று பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார், போய்விட்டது! சற்று நேரத்தில் வங்கி மீதியை எடுத்துக்கொண்டது. பிறகு நடந்த பேச்சுவார்த்தையில் அந்த 21,000-ஐ வங்கி திருப்பிக் கேட்கவில்லை என்று செய்திகள் வந்தன. பிகாரின் ககரியாவில் 2021இல் ஒருவருக்கு அதிர்ஷ்டம் அப்படி அமையவில்லை. தவறி வந்த ஐந்தரை லட்சத்தை, பிரதமர் தருவதாகச் சொன்ன 15 லட்சத்தின் முதல் தவணை என்று சொல்லிச் செலவழித்துவிட்டார், கைதானார். அதே ஆண்டு மெல்பர்னில் ஒரு கிரிப்டோ நிறுவனம் 100 டாலர் திருப்பித் தர வேண்டிய வாடிக்கையாளருக்கு, தொகை எழுதும் இடத்தில் கணக்கு எண்ணை எழுதி, ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் அனுப்பியது. ஏழு மாதம் கழித்துத் தணிக்கையில்தான் தெரிந்தது. அந்தப் பணத்தில் ஒரு வீடும் வாங்கப்பட்டது. வீட்டை விற்றுப் பணத்தைக் கட்ட நீதிமன்றம் உத்தரவிட்டது.

கூட்டமாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு யூகோ வங்கி இருக்கிறது. 2023 நவம்பர் 10 முதல் 13 வரை ஐ.எம்.பி.எஸ். என்ற உடனடிப் பணப் பரிமாற்ற முறையின் கோளாறால், உண்மையில் வராத பணம் வந்ததாக அதன் வாடிக்கையாளர் கணக்குகளில் 820 கோடி ரூபாய் ஏறியது. சில நாட்களில் 649 கோடியை வங்கி மீட்டுவிட்டது. மீதியை எடுத்துச் செலவழித்தவர்களைத் தேடி சி.பி.ஐ. வழக்குப் பதிந்து, பல மாநிலங்களில் வீடு வீடாகச் சோதனைக்குப் போயிற்று.

அரசு ஊழியர்களுக்கு மட்டும் நீதிமன்றங்கள் ஒரு குடை பிடித்திருக்கின்றன. சம்பள நிர்ணயத்தில் அலுவலகம் செய்த பிழையால் பல ஆண்டு கூடுதலாகக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெறும் நேரத்தில் லட்சக்கணக்கில் திருப்பிக் கேட்பது நம் ஊரில் பழைய வழக்கம். ரஃபீக் மசீ வழக்கு என்று வழக்கறிஞர்கள் சொல்லும் பஞ்சாப் அரசின் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு வரம்பு கட்டியது. தீர்ப்பின் தலைப்பில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே ‘வெள்ளையடிப்பவர்’ என்று தொழிலும் அச்சாகியிருக்கும். சி, டி பிரிவு ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும் ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமும், ஐந்து ஆண்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துவந்த நிலையிலும் பிடித்தம் கூடாது என்றது. ஊழியர் பொய் சொல்லியோ ஏமாற்றியோ வாங்காத பணமாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2022 மே மாதம் கேரளாவின் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் இதே வழியில் தப்பினார். ஆனால் கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று முன்பே எழுதிக் கொடுத்தவருக்கு இந்தச் சலுகை இல்லை என்று 2016இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் படிவத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ!

ஜிகணியிலும் பொம்மசந்திராவிலும் ஓசூர் சிப்காட்டிலும் தனியார் தொழிற்சாலைகளில் வேலை செய்பவருக்கு அந்தக் குடை இல்லை. அவருக்கு இருப்பது ஒரு வேகத்தடை. கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தை அடுத்தடுத்த மாதங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமை உண்டு; ஆனால் பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து அந்த மாத ஊதியத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த இந்த வரம்பு, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. பழைய சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. அந்த உச்சவரம்பு இப்போது இல்லை. கணக்குப் பார்த்தால், 18,000 ரூபாய்க்காரரிடம் மாதம் 9,000-க்கு மேல் பிடிக்க முடியாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. போன்ற பிடித்தங்களும் அந்த 9,000-க்குள்தான் அடங்க வேண்டும். ஆகவே கூடுதலாக வந்த 36,000 தீர நான்கு மாதத்துக்கும் மேலாகும். அடுத்த மாதச் சம்பளம் முழுவதையும் நிறுத்திவைக்கிறேன் என்று ஹெச்.ஆர். சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

திருப்பித் தரும் விதத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். “கம்பெனி அக்கவுண்ட்ஸ்லேருந்து பேசறேன், தவறுதலா வந்துருச்சு, இந்த நம்பருக்கு ஜீபே பண்ணிடுங்க” என்று ஒருவர் கூப்பிட்டால் அனுப்பக்கூடாது. வரவே வராத பணத்துக்குப் போலிக் குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேறொருவரிடம் திருடிய பணத்தை உங்கள் கணக்கு வழியாகக் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். பிந்தைய கூட்டத்திடம் சிக்கினால் எங்கோ ஒரு மாநிலத்துப் போலீஸ் உங்கள் கணக்கையே முடக்கிவைக்கும். வந்த பணம் வந்த கணக்குக்கே, வங்கி மூலமாகவே திரும்ப வேண்டும். சந்தேகம் இருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது. கம்பெனிப் பணம்தான் என்று உறுதியானால், தெரிந்த அன்றே ஹெச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ அனுப்பி, தொகையையும் தேதியையும் குறிப்பிட்டு, எப்படித் திருப்ப வேண்டும் என்று எழுத்தில் கேட்பது நல்லது. அந்த ஒரு செய்தி 314ஆவது பிரிவைப் பெருமளவு வாசலிலேயே நிறுத்திவிடும். வருமான வரி பிடிக்கப்படும் அளவுக்குச் சம்பளம் வாங்குபவராக இருந்தால் மார்ச் முடிவதற்குள் கணக்கைத் தீர்ப்பது வசதி. தாண்டிவிட்டால், திருப்பிக் கொடுத்த பணமும் அந்த ஆண்டு வருமானமாகவே காட்டப்பட்டிருக்கும்.

அத்திபெலே வட்டாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. வேலை செய்வது ஒரு தொழிற்சாலையில், சம்பளம் போடுவது ஒப்பந்த ஏஜென்சி. ஆறு மாதத்தில் ஒப்பந்தம் கைமாறி, பழைய ஏஜென்சியின் அறையில் வேறு பலகை தொங்கும். அப்படிப்பட்ட இடத்தில் தொழிற்சாலையின் ஹெச்.ஆரிடம் ரொக்கமாகக் கொடுத்தால், பணம் அனுப்பிய ஏஜென்சிக்கான கடன் தீர்ந்ததாக ஆகாது. ஏஜென்சியின் பதிவு முகவரிக்கு ஒரு ஸ்பீட் போஸ்ட், தொழிற்சாலைக்கு அதன் நகல், பதில் வரும்வரை அந்த 36,000 தொடாமல் கணக்கிலேயே. தபால் ஆள் இல்லை என்று திரும்பி வந்தால், அந்த உறையைப் பிரிக்காமல் பே-ஸ்லிப்போடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.