உப்பு காத்த ஊர்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் முன்னோர் வாக்கு. பண்டத்துக்கு மட்டுமன்றி ஓர் ஊருக்கே உப்பு உயிராய் அமைந்த வரலாறு ஒன்று உண்டு. ஐரோப்பாக் கண்டத்தில், ஆஸ்திரியா நாட்டின் ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே உள்ள ஹால்ஸ்டாட் என்னும் சிற்றூரின் வரலாறே அது. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் போன்றோர், 'ஊர்' என்பது யாது என்று எண்ணிப் பார்ப்பதற்கு இச்சிற்றூர் பெரிதும் துணை செய்யும் எனக் கருதி, நாம் படித்தறிந்தவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

ஹால்ஸ்டாட் ஊருக்கு முன்னே ஆழ்ந்த ஏரி. பின்னே செங்குத்தான மலை. இரண்டுக்கும் இடையே கிடைத்த சிறு கரையில், இடம் போதாமையால் வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறியவைபோல் நிற்கின்றன. 1890-ஆம் ஆண்டில் சாலை அமையும் வரை, படகேறியோ ஒற்றையடிப் பாதையில் நடந்தோதான் இவ்வூரை அடைய முடியும். சாலைக்கு முன்பே, 1877-ஆம் ஆண்டில், ரயில் வந்துவிட்டது. ஆனால் தண்டவாளம் போட ஊர்ப்பக்கம் இடமில்லாமையால் ஏரியின் எதிர்க்கரையிலேயே அது சென்றது. ஆகவே இன்றும் ரயிலில் வருவோர் ஒரு கரையில் இறங்கிப் படகேறி மறுகரைக்குப் போகின்றனர். வண்டி வரும் நேரத்தை ஒட்டியே படகும் விடப்படுகின்றது. ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் கழிக்கும் நமக்கு, நிலையம் ஒரு கரையிலும் ஊர் மறுகரையிலுமாக அமைந்த இவ்விந்தை தனி இன்பம் தருகின்றது.

இத்துணைச் சிறிய, வழியற்ற இடத்தில் மக்கள் ஏன் குடியேறினர்? மலையின் வயிற்றில் இருந்த உப்பே காரணம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடலின் உப்பு மலைக்குள் அடைபட்டுக் கிடந்தது. அதைத் தோண்டப் பயன்பட்டதாகக் கருதப்படும் மான்கொம்புக் கருவி ஒன்று 1838-ஆம் ஆண்டில் அகப்பட்டது. அதன் வயது ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் என்று அறிஞர் கணித்துள்ளனர். இறைச்சியைக் கெடாமல் காக்கும் உப்பு, அக்காலத்தில் பெருஞ்செல்வம் அன்றோ? மேலும், தன்னைத் தோண்டியவர்களின் உடைமைகளையும் அந்த உப்பே காத்து வைத்தது. மண்ணில் என்றோ மக்கிப்போயிருக்க வேண்டிய துணித்துண்டுகள், தோலால் செய்த முதுகுச் சுமைப்பைகள், கருவிகளின் மரப்பிடிகள் யாவும் சுரங்கத்துள் அழியாமல் கிடைத்துள்ளன. 2003-ஆம் ஆண்டில் அங்கே கண்டெடுத்த மரப்படிக்கட்டு, வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தில் வெட்டிய மரத்தால் ஆனது. ஐரோப்பாவில் இதுகாறும் கிடைத்த மரப்படிக்கட்டுகளில் இதுவே மிகப் பழையது என்பர்.

19-ஆம் நூற்றாண்டில் உப்புச் சுரங்கத்தின் மேலதிகாரியாக இருந்தவர் யோஹான் கேயார்க் ராம்சவர். அவர் 1846 முதல் 1863 வரை, ஊருக்கு மேலுள்ள பள்ளத்தாக்கில் 980 பழங்கல்லறைகளைத் தோண்டிக் கண்டார். புதையல் தேடுவோர்போல் பொன்னை எடுத்துக்கொண்டு எலும்பை எறியாமல், ஒவ்வொரு கல்லறையிலும் எது எங்கே இருந்தது என்பதைக் குறித்து, வண்ணச் சித்திரங்களாகவும் வரைவித்து வைத்தார். அந்தக் குறிப்புகளின் பெருமையினாலேயே ஐரோப்பாவின் முற்பகுதி இரும்புக்காலம், அதாவது ஏறக்குறைய கி.மு. 800 முதல் 450 வரையுள்ள காலம், 'ஹால்ஸ்டாட் காலம்' என இன்றும் வழங்குகின்றது. அக்கல்லறைகளில் வெண்கலமும் தந்தமும் அம்பரும் இருந்தன. அவற்றோடு, இளம் பிள்ளைகளின் எலும்புகளிலும் சுமை சுமந்த தேய்மானத்தைப் பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அந்தச் செல்வம் யாருடைய உழைப்பால் வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

1311-ஆம் ஆண்டில் அரசி எலிசபெத் இவ்வூருக்குச் சந்தை கூடும் உரிமையை வழங்கினார். பின்னர், உப்பு நீரைக் காய்ச்ச விறகு வெட்டி வெட்டி அருகிலுள்ள காடுகள் குறையலாயின. விறகை ஊருக்குக் கொணர்வதைவிட உப்பு நீரை விறகுள்ள இடத்துக்குக் கொண்டுசெல்வது எளிது என்று கண்டு, ஏறத்தாழ 13,000 மரங்களைக் குடைந்து குழாய்களாக்கி, 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எபென்சே வரை பதித்தனர். அவ்வேலை 1607-ஆம் ஆண்டில் முடிவுற்றது. மரக்குழாய் போய் வேறு குழாய்கள் வந்துவிட்டன. ஆயினும் ஹால்ஸ்டாட்டின் உப்பு நீர் இன்றும் எபென்சேக்கே செல்கின்றது.

நம் போன்ற குடிபெயர்ந்தோர் உள்ளத்தைத் தொடும் செய்தி ஒன்றும் இவ்வூர் வரலாற்றில் உண்டு. அரசாங்கத்தின் மதம் கத்தோலிக்கம். சுரங்கத் தொழிலாளர் பலரோ மறைவாகப் புராட்டஸ்டண்டு நெறியைக் கைக்கொண்டிருந்தனர். 1734-ஆம் ஆண்டு தொடங்கி, பேரரசர் ஆறாம் சார்லஸின் ஆணைப்படி, ஹால்ஸ்டாட்டிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த அத்தகையோர் பலர் பேரரசின் கிழக்கு எல்லையிலிருந்த டிரான்சில்வேனியாவுக்கு அனுப்பப்பட்டனர். அது இன்று ருமேனியாவைச் சேர்ந்தது. 'லாண்ட்லர்' என்று பெயர் பெற்ற அம்மக்கள், மலையும் ஏரியும் கண்ணுக்கு மறைந்த பின்னும், தம் ஆஸ்திரியப் பேச்சுவழக்கை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டிலும் வீதியிலும் பேசிக் காத்தனர். ஊரிலேயே தங்கிவிட்டோரின் சந்ததியார் 1861-ஆம் ஆண்டில் சமய உரிமை பெற்றுத் தமக்கெனக் கோயில் கட்டிக்கொண்டனர். அதன் கோபுரமும் கத்தோலிக்கக் கோயிலின் கோபுரமும் இன்று ஒரே ஏரியில் நிழலாடுகின்றன.

இனி இவ்வூரின் தனிப்பெரும் வழக்கத்தைச் சொல்வோம். மயானமும் மிகச் சிறியது. ஆகவே புதைத்துப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சென்றபின் எலும்புகளை எடுத்து, மண்டையோட்டைத் தூய்மை செய்து வெயிலில் வெளுக்கவைத்து, நெற்றியில் இறந்தவர் பெயரை எழுதி, பூக்களும் இலைகளும் தீட்டி, கோயிலை அடுத்த எலும்பு மண்டபத்தில் அடுக்குவது வழக்கமாயிற்று. அங்கே ஏறக்குறைய 1,200 மண்டையோடுகள் உள்ளன. அவற்றில் 600-க்கும் மேற்பட்டவை வண்ணம் தீட்டியவை. ஒரு குடும்பத்தார் அருகருகே வைக்கப்பட்டுள்ளனர். கேட்பதற்கு அச்சமாயினும், எண்ணிப் பார்த்தால் இதன் உட்பொருள் அன்பே என்பது விளங்கும். இடமில்லை என்பதற்காக அவ்வூர் தன் மக்களை வெளியே தள்ளவில்லை. எரியூட்டும் வழக்கம் பரவியபின் இது அருகிற்று. இறுதியாக ஒரு மண்டையோடு 1995-ஆம் ஆண்டில் வைக்கப்பட்டது.

இன்றைய ஹால்ஸ்டாட்டில் வாழ்வோர் 750 பேர் அளவினரே. உப்புச் சுரங்கம் இன்னும் இயங்குகின்றது. 1873-ஆம் ஆண்டில் தொடங்கிய மரவேலைப் பள்ளியில் மாணவர் படகும் இசைக்கருவியும் செய்யக் கற்கின்றனர். நெடுங்காலமாக நடைபெற்றுவரும் சமயத் திருவிழாவில், ஊரார் படகுகளில் ஏறி ஏரியின்மீது பவனி செல்கின்றனர்.

1997-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2012-ஆம் ஆண்டில் சீன நாட்டின் குவாங்டொங் மாகாணத்தில், இவ்வூரின் சதுக்கத்தையும் கோயிலையும் வீடுகளையும் பார்த்துப் படியெடுத்து, போலி ஹால்ஸ்டாட் ஒன்றைக் கட்டித் திறந்தனர். புகழ் பெருகப் பெருகக் கூட்டமும் பெருகிற்று. விசேஷ நாட்களில் 10,000 பேர் வரை வருகின்றனர் என்றால், வீட்டுக்காரர் ஒருவருக்கு விருந்தினர் பதின்மூவர் எனக் கணக்காகின்றது! 2001-ஆம் ஆண்டில் 900-க்கு மேலிருந்த ஜனத்தொகையோ குறைந்துவிட்டது.

ஊரார் வாளாவிருக்கவில்லை. சுற்றுலாப் பேருந்துகள் முன்கூட்டியே நேரம் பதிந்துகொண்டுதான் வரவேண்டும் என்று 2020-ஆம் ஆண்டில் விதி செய்தனர். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், எல்லோரும் நின்று படம் எடுக்கும் இடத்தில் பலகை வேலி கட்டி ஏரிக்காட்சியை மறைத்தனர்; கண்டனம் எழவே சில நாட்களில் அதை அகற்றினர். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஊரார் சாலையை மறித்துக் கிளர்ச்சி செய்தனர். வருவோர் தொகைக்கு நாள்தோறும் ஒரு வரம்பு வேண்டும். மாலை 5 மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்து கூடாது. இவையே அவர்கள் கேட்டவை. வருவோரால் ஊருக்கு வருமானம் உண்டு என்பதை அவர்கள் அறியாதவர் அல்லர். மாலையிலேனும் தம் வீதியில் தாம் நடக்க வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோள்.

இது நியாயமான வேண்டுகோள் என்பதே நம் கருத்து. கூரையையும் கோபுரத்தையும் படியெடுத்துச் சீனத்தில் நாட்டலாம். அங்கே பிறந்து, சுமை சுமந்து, படகில் பவனி சென்று, பெயர் தாங்கி மண்டபத்தில் இருப்போரை எப்படிப் படியெடுப்பது? குடியிருப்போர் ஒவ்வொருவராய் வெளியேறிவிட்டால், உண்மை ஹால்ஸ்டாட்டும் போலியைப் போன்றதொரு காட்சிச்சாலையாகவே எஞ்சும். ஊரை இழந்த லாண்ட்லர் மக்கள் பேச்சிலேனும் ஊரைச் சுமந்து சென்றனர். ஊரில் இருப்போர்க்கு அது ஊராகவே இருக்கும்படி விட்டுவைப்பது பார்க்கப் போவோரின் கடமை. விடுமுறையில் கோயில் நகரங்களுக்கும் மலைவாசஸ்தலங்களுக்கும் குடும்பத்தோடு செல்லும் நாமும், அங்கு நாம் நிற்கும் வாசல் இன்னொருவர் வீட்டு வாசல் என்பதை நினைவிற் கொள்வோமாக.